பார்க்கக் கூடாதவரின் டிரெய்லர்

மார்ச் 29, 1994
லுகாசுகாய், காற்றாடி இறைக்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கம்

பார்க்கக் கூடாத என் அத்தைக்கு,

உங்கள் மருமகன் ஹோஸ்கி சொல்வது. எழுதுவது என் மனைவி, உங்கள் மூத்த மகள் எட்டா. உடைந்தது அவளுக்கு இடது தோள்தான், எழுதும் கைக்கு ஒன்றும் இல்லை. "நீங்க சொல்லுங்க, நான் வெறும் கை. எங்க அம்மாகிட்ட உங்களுக்காக என் வாயால பரிஞ்சு பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள்.

நாற்பத்தோரு வருடமாக நாம் ஒரே ஆட்டுப்பட்டியை வைத்துப் பிழைக்கிறோம். நீங்கள் கிண்டிய நீலச்சோளக் கூழைக் குடித்திருக்கிறேன், நீங்கள் நெய்த போர்வையில் தூங்கியிருக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. மருமகன் மாமியாரைப் பார்த்தால் கண் போகும் என்று பெரியவர்கள் சொன்னதை நான் ஒரு நாளும் மீறினதில்லை. கடிதம் போடுவது மீறல் ஆகுமா என்று தெரியாமல், சடங்குப் பாட்டு பாடுகிற பெரியவர் கிளாவைக் கடை வாசலில் நிறுத்திக் கேட்டேன். "காயிதத்துக்கு ஏதுடா மூஞ்சி? தாராளமா எழுது. ஆனா உன் மாமியா பதில் போட்டா, படிச்சுக் காட்டுறவங்களக் காதைப் பொத்திக்கிட்டுப் படிக்கச் சொல்லு" என்று சிரித்தார்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பார்மிங்டனுக்கு அப்பால் இருக்கிற அந்த மாட்டுக்காரரிடம் உங்கள் ஜமுக்காளத்தைக் கொடுத்து, கோடையில் ஆடுகளை மலைக்கு ஏற்றிப்போகப் பச்சை டிரெய்லர் வண்டியை வாங்கி, பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு நானும் எட்டாவும் வந்தோம். காலியான டிரெய்லர். தொட்டிக்கு முன்னால் இருக்கிற வளைவில் மெதுவாகத்தான் வந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. நான் விலகட்டும் என்று நீங்கள் இடுப்பில் கட்டுகிற மணி இடது பக்க மேட்டில் கேட்டது. மூன்று தரம் கேட்டது. நீங்கள் மேட்டில் நிற்கிறீர்கள் என்று நினைத்து, மரியாதையாக முகத்தை வலது பக்கம் திருப்பினேன். வலது பக்கம், ஆறடியில், நீங்கள் நின்றீர்கள்.

தொப்பியை இழுத்துக் கண்ணை மூடினேன். மிதிக்க வேண்டியதை விட்டு மிதிக்கக் கூடாததை மிதித்தேன். பிக்கப் மணல் ஓடையில் இறங்கியது. டிரெய்லர் பக்கவாட்டில் சாய்ந்து எங்களையும் இழுத்தது. எட்டா கத்தினாள். அதற்குப் பிறகு நீங்கள் போர்வையைத் தலைக்கு மேல் முக்காடாகப் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் தடவித் தடவி அவளைத் தூக்க ஓடையில் இறங்கினீர்கள், விழுந்தீர்கள். உங்கள் இடுப்புக்கு ஆணி போட்டிருப்பதாக உங்கள் இளைய மகள் வெர்னா கடை ஃபோனில் சொன்னாள்.

ஊரெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியவன் என்கிறார்கள். மூடியது உண்மை. ஆனால் அத்தை, மணி மேட்டில் கேட்டது. என் காது பொய் சொல்லாது. இதை உங்களிடம் சொல்லாமல் என்னால் சாப்பிட முடியவில்லை.

டிரெய்லரைச் சங்கிலி போட்டு இழுத்து வீட்டு முற்றத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன். பார்க்கச் சகிக்கவில்லை.

இப்படிக்கு
ஹோஸ்கி (கைநாட்டு)


ஏப்ரல் 6
காலப், வெர்னா வீடு, இரண்டாவது மாடி

மாப்பிள்ளைக்கு,

நான் நான்கு வருடம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில், நம் மொழியைப் பேசியதற்குச் சோப்பால் வாய் கழுவப்பட்டுக் கற்ற எழுத்து இது. வீணாக்க விருப்பமில்லை. சுருக்கமாக எழுதுகிறேன்.

எட்டு மாதம் தறியில் உட்கார்ந்து நெய்த ஜமுக்காளம் அது. அதற்கு வந்த டிரெய்லரை நான் பார்த்ததே அது சாயும்போதுதான். இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள். என் கண்ணில் படவேண்டாம். ஏற்கெனவே கண்ணில் படக்கூடாதவை எனக்கு அதிகம்.

எட்டாவின் தோளைக் குளிரில் விடாதீர்கள். ஆடுகளுக்கு உப்புக் கட்டி வைத்தீர்களா?

மணியைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

இங்கே ஜன்னலைத் திறந்தால் ரயில் தெரிகிறது. ஒரு நாளைக்கு நாற்பது ரயில் எண்ணுகிறேன். ஆடு எண்ணியவள்.

யானிபா


ஏப்ரல் 18
லுகாசுகாய்

பார்க்கக் கூடாத என் அத்தைக்கு,

உப்புக் கட்டி வைத்தேன். எட்டாவின் தோளுக்கு உங்கள் சிவப்புப் போர்வையைச் சுற்றியிருக்கிறேன்.

இரும்புக் கடைக்குப் போடவில்லை. கோபித்துக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடம் ரயில் பாதையில் கோணலை நிமிர்த்தியவன் நான். என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் பிடித்துப் போக அரசாங்க ஆட்கள் வந்த அன்று என் அப்பா ஆட்டுக் கூட்டத்துக்குள் ஒளித்து வைத்தார். அதனால் எழுத்து வரவில்லை. இரும்பு வந்தது.

முதலில் பக்கச் சுவர். உள்ளே குழிந்து ஆமை முதுகைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. ரயில் ஜாக்கியைக் குறுக்கே படுக்கவைத்து, இரண்டு பக்கமும் கட்டையைக் கொடுத்து, ஒரு நாளைக்கு ஒரு விரல் கனம் என்று தள்ளினேன். அவசரப்பட்டால் இரும்பு கோபித்துக்கொண்டு வேறு இடத்தில் மடியும். ஐந்தாம் நாள் 'டங்' என்று ஒரு சத்தம். சுவர் தன் இடத்துக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டு டென்னிசன் வேலி மேல் சாய்ந்து நின்று, "மாமியாரப் பாத்துட்டு டிரெய்லரே குப்புற விழுந்துச்சே, நீ எப்படிடா நாப்பது வருசம் நிமிந்து நின்ன?" என்றான். "நிமிர்ந்து எங்கடா நின்னேன், திரும்பியில்ல நின்னேன்" என்றேன்.

(அம்மா, இரண்டு பேரும் சிரித்ததில் ஆடுகள் கலைந்து ஓடின. நான்தான் ஒற்றைக் கையோடு போய் மடக்கினேன். எட்டா.)

பிக்கப்போடு மாட்டுகிற ஏர்க்கால் முறுக்கிக்கொண்டிருந்தது. அதை நிமிர்த்தினால் உள்ளே நொந்துபோயிருக்கும், மலை ஏற்றத்தில் முறியும். வெட்டி எடுத்துவிட்டேன். வேறு இரும்புச் சட்டம் பார்த்து வைத்திருக்கிறேன்.

இப்போது சொல்ல வேண்டியது வருகிறது. எட்டா, அப்படியே எழுது.

தரையில் ரப்பர் விரிப்புப் போட்டிருந்தது. சுத்தம் செய்ய அதை நேற்றுத்தான் தூக்கினேன். கீழே பலகை இல்லை அத்தை. பலகை மாதிரி ஒன்று இருந்தது. காப்பியில் நனைத்த ரொட்டி தெரியுமல்லவா, அது. வருடக்கணக்காக மாட்டு மூத்திரம் விரிப்புக்குக் கீழே தேங்கி ஊறியிருக்கிறது. என் பூட்ஸ் குதிகாலை வைத்தேன், மண் தெரிந்தது. அதைத் தாங்குகிற ஏழு குறுக்குச் சட்டத்தில் நான்கு உதிர்கிறது.

வாங்குகிற அன்று நான் விரிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. அந்த மாட்டுக்காரர் "டயரப் பாருங்க பெரியவரே, நாலும் புதுசு" என்றார். நான் டயரையே சுற்றிச் சுற்றி வந்தேன். உங்கள் எட்டு மாதத்தை நான் டயர் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஓடையில் சாய்ந்தது ஒரு குற்றம் என்றால் இது அதைவிடப் பெரியது. சாயாமல் இருந்திருந்தால் நான் விரிப்பைத் தூக்கியிருக்க மாட்டேன். மலைப் பாதையில் ஆடுகளின் கால் பலகைக்குள் இறங்கி ரோட்டில் தேய்ந்திருக்கும்.

கைநாட்டில் மை இல்லை, கிரீஸ். மன்னியுங்கள்.

ஹோஸ்கி


ஏப்ரல் 27
காலப்

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை வெர்னா முகர்ந்து பார்த்துவிட்டு "இது என்னம்மா, கராஜிலிருந்து வருதா?" என்றாள்.

விரிப்பு விஷயத்தைச் சொல்லாமலே பலகையை மாற்றியிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்காது. சொன்னீர்கள். அதை நான் மறக்க மாட்டேன். அதற்காக நன்றி என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இப்போது கேளுங்கள். ஜூன் நான்காம் தேதி, சனிக்கிழமை, ஆடுகளை ஏலத்துக்குக் கொண்டுபோக வெர்னா ஆள் பேசிவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை. மோட்டலில் நாளெல்லாம் படுக்கை விரித்துவிட்டு வந்து என்னைக் குளிப்பாட்டுகிறாள். "அக்கா தோளு போச்சு, உன் இடுப்பு போச்சு, அத்தானுக்கு முட்டி எப்பவோ போச்சு. மூணு பேருக்கும் சேத்து ஒரு முழு ஆள் தேற மாட்டீங்க. ஆட்டை யாரும்மா மலைக்கு ஓட்டுறது?" என்கிறாள். கோடையில் கீழே புல் கிடையாது. மலை ஏறாத ஆடு ஜூலையில் சாகும். அவள் சொல்வதில் தப்பு இல்லை.

ஆனால் எனக்கு இருபத்தோரு வயதில், எட்டாவைத் தொட்டில் பலகையில் கட்டிச் சுமந்துகொண்டு நின்றபோது, அரசாங்கத்து ஆட்கள் வந்து என் அம்மாவின் வெள்ளாடுகளை எண்ணிப் பிரித்து, பள்ளத்தில் இறக்கிச் சுட்டார்கள். அதிகம் மேய்கிறது, மண் அரிக்கிறது என்றார்கள். அம்மா அதற்குப் பிறகு வெள்ளாட்டுப் பால் குடிக்கவில்லை. இன்று இருக்கிற நாற்பத்து நான்கும் அன்று தப்பித்த ஆறின் வாரிசு. இரண்டாம் தடவை என் மகள் கையாலேயே நடக்க வேண்டுமா?

வெர்னாவிடம் ஒரு வார்த்தை வாங்கினேன். "நாலாம் தேதிக்குள்ள ஆடும் நீயும் மலை ஏறிட்டா நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆடு மட்டும் போனா பத்தாது. நீ போகாத மலை முகாமுக்கு ஆடு எதுக்கு? என் கார் அந்தப் பாதையில வயிறு தட்டும். அந்தப் பிக்கப்ப ஓட்ட இப்ப அத்தான் மட்டுந்தான் இருக்காரு. அவரு ஓட்டுற வண்டியில நீ எப்படி உக்காருவ?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

உங்களுக்குப் பதில் தெரிந்தால் எழுதுங்கள். முதலில் பலகையைப் போடுங்கள்.

யானிபா


மே 9
லுகாசுகாய்

பார்க்கக் கூடாத என் அத்தைக்கு,

படுத்துக்கொண்டு சொல்கிறேன். கடிதம் சிறியது.

பலகைக்கு வழி பிறந்தது. என்னோடு ரயில் பாதையில் வேலை பார்த்த ஒருவர் விண்ஸ்லோவில் இருக்கிறார். உடைக்கப் போட்ட சரக்குப் பெட்டிகளின் தரைப் பலகை அவரிடம் கிடந்தது. ஓக் மரம், இரண்டு விரல் கனம், ஐம்பது வருடம் கோதுமையும் இரும்பும் ஏறி மிதித்தும் அசையாதது. ஒரு ஆட்டுத் தொடையும் எட்டாவின் பொரித்த ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்து ஏற்றிக்கொண்டு வந்தேன்.

பலகைக்கு முன்னால் குறுக்குச் சட்டம் மாற்ற வேண்டும் அல்லவா. டென்னிசனின் எஞ்சின் வெல்டிங் மெஷினை வாங்கி நான்கையும் ஒரே மத்தியானத்தில் வைத்துவிட்டேன். அவன் கொடுத்த முகமூடியில் கண்ணாடி ஒரு ஓரத்தில் விரிசல். டேப் ஒட்டிக்கொண்டேன். சாயங்காலமே கண்ணில் யாரோ மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இப்போது ஒன்றும் தெரியவில்லை. எட்டா உருளைக்கிழங்கைச் சீவிக் கண் மேல் வைத்திருக்கிறாள். வெல்டிங் வெளிச்சம் பட்டால் இப்படித்தான் ஆகும், இரண்டு மூன்று நாளில் தெளியும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டாம். வேலை நிற்காது.

ஹோஸ்கி

(அம்மா, இனிமேல் நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. இன்று இரண்டாம் நாள், காப்பிக் கோப்பை இருக்கும் இடம்கூட அவருக்குத் தெரியவில்லை. டென்னிசன் பொண்டாட்டி வந்து, "வெல்டிங்காவது ஒண்ணாவது, அன்னைக்கு ரோட்ல பாத்தாரில்ல, அதான் கண்ணு போகுது" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனாள். "பாத்தீங்களா, எங்க அம்மா முகத்தைப் பாத்தீங்களா" என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருக்கிறது. எட்டா.)


மே 13
காலப்

மாப்பிள்ளைக்கு,

இதை எட்டா உங்களுக்கு உரக்கப் படிக்கட்டும். நடுவில் நிறுத்தாமல் படிக்கட்டும்.

மணி மேட்டில்தான் இருந்தது. உங்கள் காது பொய் சொல்லவில்லை. நான்தான் இரண்டு மாதமாகப் பொய்யாக இருந்தேன்.

அன்று காலையில் முன்னாடி நடக்கிற கிடா வெள்ளாட்டின் மணி நாக்கு விழுந்துவிட்டது. மணி இல்லாமல் அது ஓடைக்கு அப்பால் போய்விடும். என் இடுப்புக் கச்சையில் தொங்குகிற வெள்ளி மணியை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டினேன். மருமகன் கேட்டு விலகட்டும் என்று என் அம்மா எனக்குக் கட்டிய மணி. கல்யாணத்தன்று உங்களுக்காகக் கட்டியது. நாற்பத்தோரு வருடத்தில் ஒரு நாள் அவிழ்த்தேன், அந்த ஒரு நாள்.

அவிழ்த்தவள் வீட்டுக்குள் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. டிரெய்லரைப் பார்க்கும் ஆசை. எட்டு மாதம் நெய்யும்போது ஒவ்வொரு வரிசைக்கும் அதைத்தான் நினைத்தேன். பச்சை நிறம் என்று எட்டா சொல்லியிருந்தாள். தூரத்தில் வண்டி தெரிந்ததும் எண்பத்தொரு வயதுக் கிழவி சின்னப் பிள்ளை மாதிரி ரோட்டோரம் ஓடி வந்து நின்றேன். வண்டி வளைவில் திரும்பினால் முதலில் தெரிவது ஓட்டுகிறவர் முகம் என்பது என் புத்தியில் ஏறவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் "உங்க மருமகன் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிட்டாராமே" என்றார்கள். ஆமாம் என்றேன். நீங்கள் மணியைப் பற்றி எழுதியபோது எழுதாதீர்கள் என்றேன். என் மகளின் தோளை உடைத்தது என் ஆசை. அதை உங்கள் தலையில் வைத்துவிட்டு ரயில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்கள் கண் போனால் அதுவும் என்னால். டிரெய்லர் வேண்டாம். ஆடும் வேண்டாம், ஏலத்துக்குப் போகட்டும். பெரியவர் கிளாவைக் கூப்பிட்டு என்ன சடங்கு வேண்டுமோ பாடச் சொல்லுங்கள். என் டர்க்காய்ஸ் கல் மாலை எட்டாவின் பெட்டியில் இருக்கிறது, அதை அவருக்குக் கொடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பார்த்தீர்களா?

யானிபா


மே 22
லுகாசுகாய்

பார்க்கக் கூடாத என் அத்தைக்கு,

கண் திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் வாசல் வழியாக வெயில் தெரிந்தது, பிறகு கோப்பை, பிறகு எட்டாவின் அழுது வீங்கின மூக்கு. டென்னிசனின் முகமூடியை அவன் எதிரிலேயே கல்லில் போட்டு உடைத்தேன். இப்போது புதியது வாங்கிக் கொடுத்திருக்கிறான். உங்கள் மாலை பெட்டியிலேயே இருக்கட்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எனக்கு எதுவும் மறக்காது என்பது ஊருக்கே தெரியும். ஐம்பத்தொன்றாம் வருடம் ரயில் பாதையில் எந்தக் கட்டையில் எத்தனை ஆணி அடித்தேன் என்று சொல்வேன். அந்தச் சனிக்கிழமை நான் பார்த்தது உங்கள் காலை. வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருந்தீர்கள். ஒரு ஷூவில் கயிறு அவிழ்ந்து மண்ணில் கிடந்தது. அதற்கு மேலே பார்ப்பதற்குள் தொப்பி வந்துவிட்டது. காலைப் பார்த்தால் கண் போகும் என்று எந்தப் பெரியவரும் சொன்னதில்லை. நிம்மதியாக இருங்கள்.

(அம்மா, இந்த இடத்தில் என் கை கொஞ்சம் நின்றது. அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதியிருக்கிறேன். எட்டா.)

மணியைப் பற்றி நீங்கள் எழுதியதை எட்டா நிறுத்தாமல்தான் படித்தாள். படித்து முடித்ததும் நான் வெளியே போய் டிரெய்லருக்குள் உட்கார்ந்துகொண்டேன். கோபத்தில் இல்லை. ஆசைப்பட்டு ஓடி வந்து நின்றீர்கள் என்பதை நினைத்தேன். அந்த ஆசைக்கு நான் காட்டியது ஒரு கவிழ்ந்த வண்டி. அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் வெர்னாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

பிக்கப்பின் பின்னால் உங்களை உட்காரவைக்கலாமா என்று முன்பே யோசித்திருந்தேன். இடுப்பு தாங்காது, கண்ணாடியிலும் தெரிந்துவிடுவீர்கள். ஆனால் டிரெய்லரின் முன்பக்கம் ஐந்தடி உண்டு. அங்கே ஓக் பலகையில் முழுச் சுவர் எழுப்பிவிட்டேன். ஆடு அந்தப் பக்கம், நீங்கள் இந்தப் பக்கம். பக்கவாட்டில் உங்களுக்கென்று தனிக் கதவு, ஏற ஒரு படி. பழைய பள்ளிக்கூட பஸ்ஸின் இருக்கை ஒன்றை வைத்து, அதற்குக் கீழே பிக்கப் டயர் ட்யூபில் பாதிக் காற்று அடித்துக் கொடுத்திருக்கிறேன். மேலே மூன்று ஆட்டுத்தோல். இருக்கை பின்னால் பார்த்த மாதிரி இருக்கும். சுவரில் ஒரு சின்ன ஜன்னல், அதில் உங்கள் ஆடுகள் தெரியும். முன்பக்கம் முழுத் தகடு. நான் திரும்பினாலும் தகடுதான் தெரியும்.

உங்கள் மணியைக் கிடாவின் கழுத்திலிருந்து அவிழ்த்துவிட்டோம். அதற்கு ஒரு தகர டப்பாவில் போல்ட்டைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். அவமானத்தில் இரண்டு நாள் மேயவில்லை. உங்கள் மணி இப்போது பிக்கப்பில், என் இடது காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதிலிருந்து கயிறு உங்கள் கைக்கு வருகிறது. ஒரு தரம் இழுத்தால் நிற்பேன். இரண்டு தரம் இழுத்தால் போவேன். மூன்று தரம் என்றால் மெதுவாக. நான் இறங்க வேண்டி வந்தால், மலையைப் பார்த்துத் திரும்பி நடந்து போய் நிற்பேன்.

புது ஏர்க்காலை நான்கு பக்கமும் பற்றவைத்தேன். பேரிங் எல்லாம் கழுவி கிரீஸ் அடைத்தேன். அந்தப் 'புது' டயர் நாலும் பக்கவாட்டில் வெடிப்பு, மாற்றிவிட்டேன். பிறகு நானே அந்த இருக்கையில் உட்கார்ந்து, டென்னிசனை ஓட்டச் சொல்லி, தொட்டி வரை கல் பாதையில் போய் வந்தேன். மூன்று தரம் இழுத்தால் வேகமாக என்று புரிந்துகொண்டான் படுபாவி. பல் ஆடியது, இடுப்பு ஆடவில்லை.

ஜூன் இரண்டாம் தேதி காலையில் முதல் நடை ஆடு மட்டும். மத்தியானம் இரண்டாம் நடை, நீங்களும். வருவீர்களா?

ஹோஸ்கி


மே 27
காலப்

மாப்பிள்ளைக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாம் தடவை வெர்னாவும் படித்தாள். "ஆட்டு வண்டியில அம்மாவ ஏத்துறாராம், இதுக்கு ஒரு படி வேற வச்சிருக்காராம்" என்று கத்தினாள். நான் சொன்னேன், "ஆட்டோட போனா என்னடி, நாப்பது வருசமா மலைக்கு யாரோட போனேன்? கவர்னரோடயா?" அவள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மோட்டலுக்கு ஃபோன் செய்து இரண்டு வாரம் லீவு கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வருகிறேன். மூன்று நிபந்தனை. உள்ளே எனக்குக் காப்பி வேண்டும். டப்பா பீச் பழம் ஒன்று வேண்டும். கிடாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

யானிபா


ஜூன் 15, 1994
மலை முகாம்

மாப்பிள்ளைக்கு,

எட்டாவின் தோளுக்காக நீங்கள் இரண்டு பேரும் கீழே இறங்கி இரண்டு வாரம் ஆகிறது. வெர்னா இன்னும் இங்கேதான். லீவு நாளையோடு முடிகிறது என்பதை நேற்று இரண்டு தரம் சொன்னாள். நேற்று அவளே ஒரு குட்டிக்குப் பால் புகட்டினாள். மோட்டலிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துண்டில் அதைச் சுற்றி வைத்திருக்கிறாள். ஏலக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

அன்று ஏறி வந்ததைப் பற்றி உங்களிடம் சொல்ல வழி இல்லாமல் இருந்தது. இப்போது எழுதுகிறேன்.

என்னோடு இருபத்திரண்டு ஆடு. எண்பத்தெட்டுக் கால். முதல் ஒரு மைல் நான் ஜன்னல் வழியாகத் தரையையே பார்த்துக்கொண்டு வந்தேன், எந்தக் கால் இறங்கப் போகிறதோ என்று. ஒன்றும் இறங்கவில்லை. பலகை முனகக்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் காப்பியைத் திறந்தேன்.

பைன் மரம் தொடங்குகிற இடத்தில் ஒரு தரம் இழுத்தேன். உடனே நின்றீர்கள். நீங்கள் இறங்கி மேலே நடந்து போகும் பூட்ஸ் சத்தம் கேட்டது, பிறகு சத்தம் நின்றது. நான் இறங்கி, தடியை ஊன்றி, அந்த டிரெய்லரை ஒரு சுற்று நடந்தேன். எட்டு மாதம் நெய்ததை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன். பக்கச் சுவரில் நீங்கள் தள்ளி நிமிர்த்திய தழும்பு தெரிகிறது. ஏர்க்காலில் பற்றவைத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சூடாக இருந்தது. உங்களை அவ்வளவு நேரம் நிற்கவைத்தது அதற்காகத்தான். வயிற்றுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். பிறகு ஏறி உட்கார்ந்து இரண்டு தரம் இழுத்தேன்.

கடைசி ஏற்றத்தில் நான் மூன்று தரம் இழுத்தது நினைவிருக்கிறதா? அங்கே பாதை நன்றாகத்தான் இருந்தது. சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோமே, கொஞ்சம் மெதுவாகப் போகட்டும் என்றுதான் இழுத்தேன்.

இனி ஒரு விஷயம். எட்டா, இதைப் படிக்கும்போது சிரிக்காதே. எழுதும்போது உன் கை எங்கே நின்றது, ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை, மார்ச் பன்னிரண்டாம் தேதி, பனி உருகித் தொட்டியைச் சுற்றி முழங்கால் சேறு. வெள்ளை ஷூ எனக்கு வாழ்க்கையில் இருந்ததில்லை. அன்று நான் போட்டிருந்தது எட்டாவின் கறுப்பு ரப்பர் பூட்ஸ், மாப்பிள்ளை. அதற்குக் கயிறே கிடையாது.

எதுவும் மறக்காதவர் அதை மட்டும் மறந்துவிட்டீர்கள். அது அப்படியே இருக்கட்டும். உங்கள் கண் நன்றாக இருக்கிறது, அது போதும்.

செப்டம்பரில் கீழே இறங்கும்போது மணியைக் கழற்ற வேண்டாம். என் கச்சையில் இருந்ததைவிட அங்கே நன்றாகக் கேட்கிறது.

பார்க்கக் கூடாத உங்கள் அத்தை
யானிபா